இடது கைத் தடயம்

ட்ரிங்... ட்ரிங்...!

நாலு நாளாக ஊமையாகக் கிடந்த செல்போன் அலறியதும், அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஹலோ..."

"கொன்னுட்டாங்கம்மா! என் கடையக் கொன்னுட்டாங்க! தேடினா... இல்ல!"

அவளுக்கு லிங்க் டாக்டர் என்று பெயர். தேடுபொறி தண்டித்து ஒதுக்கிய வெப்சைட்களுக்கு உயிர் கொடுப்பது தொழில். ஒற்றை அறை ஆபீஸ். இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள்... இன்னொன்றில் அவள் ஹேண்ட்பேக். பேச்சுத் துணை என்று பார்த்தால் அதுதான்!

ஒரு மணி நேரத்தில் பெரியவர் நேரிலேயே வந்து நின்றார். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிப்பவர். தையல்காரர்களும் சலூன்காரர்களும் கூரியரில் அனுப்ப, தீட்டித் திருப்பி அனுப்புகிறவர்.

ஹேண்ட்பேக் தரைக்கு இறங்கியது.

"பத்து பக்கம் தள்ளிப் பாத்தும் என் கடை இல்லம்மா. எல்லாம் எதிர்க்கடைக்காரன் வேலை! அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"வியாபாரம் படுத்துடுச்சாய்யா?"

"வியாபாரம் கெடக்கு..." குரல் உடைந்தது. "ஆறு வருஷம் முன்னாடி கோவத்துல 'வெளிய போடா'ன்னுட்டேன். போயிட்டான். என் ஒரே பையன். அப்புறம் வீடு மாறியாச்சு, நம்பர் மாறியாச்சு. அவன் தேடினா, அந்த சைட்டுல மட்டும்தாம்மா நான் கெடைப்பேன்!"

தன்னைத் தேட ஒரு ஆள் இல்லாதவளுக்கு அந்த வலி புரியாதா என்ன?

கீபோர்டு தடதடத்தது.

தேடுபொறிக் கம்பெனி அனுப்பிய நோட்டீஸ், கடையின் மெயிலில் ஒரு மாதமாகப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"யாரோ உங்க கடைக்கு லிங்க் வாங்கிக் குவிச்சிருக்காங்க. நாலாயிரம்! எல்லாம் சூதாட்ட சைட்டு, குப்பை சைட்டு. அவங்கெல்லாம் சேர்ந்து உங்களைக் கை காட்டினா... 'இந்தாளு ஏதோ தில்லுமுல்லு பண்றான்'னு தேடுபொறிக்காரங்க தூக்கிக் கடாசிட்டாங்க."

"பாத்தீங்களா! அந்த எதிர்க்கடை..."

"இருங்க! நாலாயிரத்துலயும் ஒரே வாசகம்." படித்தாள். "'இடது கைக் கத்தரிக்கோலும் இங்கே தீட்டப்படும்.' உங்க சைட்டுல இது இல்லையே?"

பெரியவர் முகம் வெளிறியது.

"இடது கைக் கத்தரி நான் ஒண்ணே ஒண்ணுதான் தீட்டியிருக்கேன். என் பையனுக்கு. ஸ்கூல்ல எந்தக் கத்தரியும் அவன் கைக்கு வெட்டலன்னு அழுதான்..."

திரையை உற்றுப் பார்த்தார்.

"அவனுக்கு என் மேல அவ்வளவு ஆத்திரமா? இருக்கிற ஒரு சைட்டையும் ஒழிக்கிற அளவுக்கு?"

லிங்குகளை நீக்கச் சொல்லி, விற்ற ஆளுக்கு எழுதுவதுதான் முதல் சிகிச்சை. அந்தக் குப்பை சைட்டிலேயே அவன் மெயில் முகவரி இருந்தது. எழுதினாள்.

பத்தே நிமிடத்தில் பதில்! 'வாங்கினவர் சொன்னால்தான் எடுப்போம். இதோ அவர் நம்பர்.'

ஸ்பீக்கரில் போட்டு டயல் செய்தாள்.

"ஹலோ..." இளைஞன் குரல்.

"சாணைக் கடைக்கு நாலாயிரம் லிங்க் வாங்கினது நீங்கதானே?"



"...ஆமா. கடை ஏழாவது பக்கத்துல கெடந்துச்சு. லிங்க் நெறைய இருந்தா முதல்ல வரும்னு சொன்னாங்க, வாங்கினேன். மேல வந்துச்சா?"

"அடியோட காணாமப் போச்சு!"

"ஐயோ! தினமும் அந்த சைட்டைத் தொறந்து அவர் நம்பரைப் பாத்துட்டு மூடிடுவேன்... கூப்பிடத்தான் தைரியம் வரல. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!"

பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்ல வேணாம்டா... கேட்டுட்டுதான் இருக்கேன்."

மறுமுனையில் விசும்பல்.

"அப்பா..."

அவள் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இவர் எழுந்து போனதும் ஹேண்ட்பேக் மறுபடி நாற்காலி ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும். தேடுபொறிக்கு அனுப்ப வேண்டிய மன்னிப்பு மனுவைத் தட்டத் தொடங்கினாள்.

"தம்பி, லைன்லயே இருங்க. லிங்கை எல்லாம் எடுக்கச் சொல்லுங்க. 'தப்பு நடந்துடுச்சு, இனிமே நடக்காது'ன்னு எழுதிக் குடுக்கணும். அப்பதான் சைட் திரும்பி வரும்."

பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"அதுல அடியில கொஞ்சம் இடம் விடும்மா. 'இனிமே வெளிய போடான்னு சொல்ல மாட்டேன்'னு நானும் எழுதிக் குடுத்துடறேன்!"