பளிங்கு ரத்தம்

"மாத்திரை முழுங்குறவன் முட்டா..."

கடைசி எழுத்து வரவில்லை. அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது!

மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார் குரு இதயஜோதி.

அரங்கம் கைதட்டியது. ஏதோ புது ஆசனம் என்று நினைத்துவிட்டார்கள்!

மனைவி வீலென்று அலறிய பிறகுதான் கைதட்டல் நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது, 'கொலஸ்ட்ரால் ஒரு கட்டுக்கதை' என்ற பேனருக்கு நேர் கீழே கிடந்தது உடல். இமை ஓரங்களில் மஞ்சளாகத் தடித்த திட்டுகள். சீடர்கள் அதற்கு 'ஞானத் தடம்' என்று பெயர் வைத்து, பேனரில் இருந்த அவர் படத்தில் அந்த இடத்துக்குத் தங்கப் பூச்சு வேறு பூசியிருந்தார்கள்.

"சார்... இது கொலை!"

பின்னாலிருந்து குரல். செத்தவரின் தம்பி. எப்போதும் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நிழல்'. அவர் இமையிலும் அதே மஞ்சள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இதயஜோதிக்கு மாரடைப்பு வருமா சார்? வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கூட்டத்துக்கு வருவான்?"

"ஓ... அதனால கொலை!"

"அண்ணியோட சமையலறைக்கு வாங்க. காட்டறேன்."

போனார்கள். மிக்ஸிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஒரு சின்ன உரல். அடியில் வெள்ளைப் பொடி!

"அண்ணன் குடிக்கிற பச்சைச் சாறுல இதைக் கலக்கறாங்க. இன்னைக்குத்தான் சார் கண்ணுல பட்டுது. பிடிச்சு உள்ள போடுங்க!"

இன்ஸ்பெக்டர் பொடியோடு உரலையும் பையில் போட்டார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினார்.

"என்ன சார் அது?"

"கொலஸ்ட்ராலுக்கு."

"ஐயோ பாவம்! நீங்களுமா? எங்க அண்ணன் ரத்தத்தைப் பாருங்க சார்... பளிங்கு! வருஷா வருஷம் மேடையிலேயே ரத்தம் எடுத்து, அளவைத் திரையில போடுவோம். ஒரு மாத்திரை தொட்டதில்ல!"

மனைவி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பொடி உங்களோடதா?"

"ஆமா."

"விஷமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகையிலும் ஓர் எரிச்சல்!

"அதுவும் நீங்க இப்ப முழுங்கின அதே ஜாதி மாத்திரைதான் சார்! அவங்க அப்பா நாப்பது வயசுல இப்படித்தான் பொட்டுனு போனார். இவருக்கும் டாக்டர் எழுதிக் குடுத்தார். வாங்கிட்டு வந்து குப்பைல போட்டார். ஊர் இவர் பேச்சை நம்பினா நம்பிட்டுப் போகட்டும்... இவரே நம்பிட்டாரே, அதான் சார் எனக்குப் பயம்! இடிச்சுக் கலந்து குடுத்தேன்."

"அப்ப அந்தப் பளிங்கு ரத்தம்...?"

"என் உரல்ல இடிச்சது!"

மறுநாள் காலை போலீஸ் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"விஷம் இல்ல இன்ஸ்பெக்டர். பரம்பரைக் கோளாறு. கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்துலேருந்து கல்லீரல் சரியா எடுக்காது. மிஞ்சினது இமையில படியும், இதயக் குழாய்லயும் படியும். இமையில இருந்தா ஞானமாம்! வெறும் பத்தியம் இதுக்குப் போதாது. மாத்திரை வேணும்."

"மாத்திரைதான் சாப்பிட்டாரே?"

"யாரு? இவர் ரத்தத்துல மாத்திரை ஒரு துளிகூட இல்ல. கொலஸ்ட்ரால் கூரையைப் பிச்சுட்டு நிக்குது. நிறுத்தி மாசக்கணக்கா ஆகியிருக்கணும்."

விசாரணைக்காக ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்த இதயஜோதியின் மனைவியிடம் ஓடினார் இன்ஸ்பெக்டர்.

"ஒருநாள்கூட விட்டதில்ல சார்! நேத்து காலையிலகூட..."

"டம்ளரை யார் கொண்டுபோய்க் குடுப்பாங்க?"

"கொழுந்தன்தான். போன வருஷ விழா முடிஞ்சதிலேருந்து, 'அண்ணனுக்கு என் கையாலதான் குடுப்பேன்'னு ஒரே அடம். ஒரே தட்டுல ரெண்டு டம்ளர். அண்ணனுக்கு மருந்து கலந்தது. தம்பிக்கு வெறும் சாறு. எது எதுன்னு நான்தான் கை காட்டி..."

நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

"எதுக்குத் தனித்தனின்னு கொழுந்தன் கேட்டதேயில்ல சார்..."

மாலை. இரங்கல் கூட்டம்.

நிழல் இன்று வெளிச்சத்தில் நின்றார்! அண்ணனின் அங்கி. இரண்டு சாண் நீளம் அதிகம்.

"சதியால் சாய்ந்தார் நம் இதயஜோதி! இனி அந்த ஜோதி... நான்! சந்தேகமா? இதோ என் ரத்தம்!"

கையை நீட்டினார். நர்ஸ் ரத்தம் எடுத்தாள். சற்று நேரத்தில் திரையில் அளவு மின்னியது. பளிங்கு!

அரங்கம் அதிர்ந்தது.

"மாத்திரை தொடாத ரத்தம்!"

"ரொம்ப சந்தோஷம்." இன்ஸ்பெக்டர் மேடையேறி, மிச்ச ரத்தம் இருந்த குழாயை எடுத்துக்கொண்டார். "இதை நானும் ஒரு தடவை பார்த்துட்டு வரேன்."

நிழலின் முகத்தில் முதல் தடவையாக நிழல் விழுந்தது.

டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சிரித்தார். "உங்க பளிங்குல மாத்திரை நீச்சல் அடிக்குது! அதுவும் இன்னைக்குக் காலையில முழுங்கினது!"

அன்றே விலங்குடன் போனார் இன்ஸ்பெக்டர்.

"நான்... தெரியாம... டம்ளர் மாறியிருக்கும் சார்!"

"தினமுமா? அண்ணி விஷம் கலக்கறாங்கன்னு நேத்து அடிச்சுச் சொன்னீரே! இன்னைக்குக் காலையில நீர் குடிச்ச சாறுல ஏது மாத்திரை? உரல் எங்க பீரோவுல இருக்கே!"

நிழல் பின்வாங்கினார், நீள அங்கி காலைத் தடுக்கியது.

"அண்ணி இல்லாததால நீரே கடையில வாங்கி முழுங்கியிருக்கீர். அது மருந்துன்னு உமக்கு எப்பவோ தெரியும். அண்ணனைக் காலி பண்ணவும், உம்ம ரத்தத்தைக் கழுவவும்... ஒரே டம்ளர்! கல்லுல ரெண்டு மாங்கா அடிச்சவனைக்கூடப் பார்த்திருக்கேன். டம்ளர்ல அடிச்சவன் நீர்தான்!"

விலங்கு 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. ஜீப்பில் ஏறும்போது நிழல் மெல்லக் கேட்டார்.

"சார்... லாக்கப்ல எனக்கு மாத்திரை தருவீங்களா?"

"தராம? நீர் ரொம்ப நாள் இருக்கணும்யா, உள்ள!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"ஆனா பச்சைச் சாறு கிடையாது. பச்சைத் தண்ணி. அதுவும் உம்ம சீடர்கள் எல்லாரும் வரிசையா நின்னு பார்க்க... ஆ-ன்னு வாயைத் திறந்து முழுங்கணும்!"