விடை பெறு என்றொரு பொத்தான்

"அதை அழுத்தச் சொன்னது யாரு?"

"நான் சொல்லலைங்க டீச்சர், அந்தப் பொத்தான் எதுக்குன்னா..."

"எதுக்கா வேணா இருக்கட்டும்! முப்பத்தெட்டுப் பிள்ளைங்க முக்கால் மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம எழுதினதுங்க..."

"ஒரே ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"...ஒரே அமுக்கு! எல்லாம் போயே போச்சு!"

"போகலைங்க, மூடிக்கிச்சு. போறது வேற, மூடிக்கிறது வேற."

"அப்ப திறங்க, பாப்போம்."

அவன் வாயைத்தான் திறந்தான். திறக்க வழியில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"சேமிக்காம மூடினா... போனது போனதுதாங்க."

"இதைத்தானே நானும் கழுதையாக் கத்துறேன்!"

ஐந்தாம் வகுப்பு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. டீச்சர் பேசினால் இந்தப் பக்கம், அவன் பேசினால் அந்தப் பக்கம் என்று முப்பத்தெட்டுத் தலைகளும் திரும்பித் திரும்பி அசதி கண்டுவிட்டன.

நடந்தது இதுதான். பள்ளிக்குப் புதிதாக டேப்லெட்டுகள் வந்திருந்தன. அவற்றை எப்படிப் பிடிப்பது, எங்கே தொடுவது, எதில் எழுதுவது என்று பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு மாதத்துக்கு அனுப்பப்பட்டவன் அவன். பெட்டி நிறைய சார்ஜரோடு வந்து இறங்கியதால், முதல் நாளே பிள்ளைகள் 'சார்ஜர் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று திங்கட்கிழமை, முதல் தேர்வு. இருபது கேள்வி. எழுதி முடித்ததும் திரையின் மூலையில் நீல நிறத்தில் ஒரு பொத்தான்... 'விடை பெறு' என்று.

எழுதி முடித்த பிள்ளைக்கு விடை தெரிந்துகொள்ள ஆசை வராதா? முதல் வரிசை அழுத்தியது. அதைப் பார்த்து இரண்டாம் வரிசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு மொத்தமும் இருண்டுபோனது.

"விடை பெறுன்னா கிளம்புறதுதானேங்க?" அவன் குரல் இறங்கியிருந்தது. "பெரியவங்ககிட்ட விடை பெத்துக்கிட்டுக் கிளம்புறோம்ல... அந்த விடை."

"பரீட்சைன்னா விடைங்கிறது பதில், சார்! பத்து வயசுப் பிள்ளை எந்த ராஜா சபையில போய் விடை பெத்துக்கப் போகுது?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "டீச்சர், சார்ஜர் சாருக்கு எத்தனை மார்க்?"

"அமைதி!" என்றாள். சொல்ல நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. பதின்மூன்று வருடமாக 'அமைதி'யைக் கத்திக் கத்தியே தேய்ந்த குரல். மூன்றாம் பீரியடுக்கு மேல் அது தாங்குவதில்லை.

அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். அழகான கண்கள்தான்... ஆனால் என்ன களைப்பு! யாரோ அழைத்து, எழுந்து நின்று, எதற்கு அழைத்தார்கள் என்பதையே மறந்துபோன கண்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற கண்கள்தானே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதே எரிச்சலாக இருந்தது.

"இனிமே ஒரு சட்டம்," என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பொத்தான்ல என்ன எழுதியிருந்தாலும் முதல்ல சத்தமா படிக்கணும். அப்புறம்தான் அழுத்தணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

கோபம் ஆறவில்லை. மதிய இடைவேளையில் ஒரு தாளை எடுத்து மூன்றே வரி எழுதினாள். 'இந்தப் பயிற்சியாளரை மாற்றவும். தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பவும்.' கீழே, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பெரிய டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். கை தட்டித் தூசியை உதறிய மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஜன்னலை மழை அடித்துக்கொண்டிருந்தது. குடையை எடுக்க வகுப்புக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். சின்ன பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, அவன் ஒரு டேப்லெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் போகலையா?"

"தலைமை அலுவலகத்துல கேட்டேன். ஒரு வார்த்தையை மாத்த மூணு வாரம் ஆகுமாம். அதான் ஒவ்வொண்ணா நானே கையால மாத்திடலாம்னு..."

"முப்பத்தெட்டையுமா?"

"உங்களோடதும் சேத்து முப்பத்தொன்பது."

குடை கையில் இருந்தது. கால்தான் நகரவில்லை.

"சரி, என்ன வார்த்தை போடப் போறீங்க?"

"அதுலதான் நிக்குது. 'முடி'ன்னு போட்டா?"

"தலைமுடின்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஒரு வாரத்துக்குப் பாடம் நடக்காது."

"'மூடு'?"

"வாயை மூடுன்னு நான் சொல்றதே போதும். இந்த டேப்லெட்டும் சொல்லணுமா?"

அவன் சிரித்தான். அந்தக் களைத்த கண்ணுக்குள் இப்படியொரு வெளிச்சம் எங்கே ஒளிந்திருந்தது...

"ஊரெல்லாம் போடுற மாதிரி 'வெளியேறு'ன்னு போட்டுத் தொலைச்சிருக்கலாமே. யாருக்கும் குழப்பம் இல்லையே," என்றாள்.

அவன் திரையைக் கைக்குட்டையால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"இதுக்குத் தமிழ் வார்த்தை வச்சுக் கொடுத்தது நான்தாங்க. எனக்குச் சின்ன வயசுல திக்குவாய். வாய்ப்பாடு சொல்லச் சொன்னா மூணுலயே நின்னுடுவேன். 'வெளியே போ'ம்பாங்க. அஞ்சாம் வகுப்புல பாதிப் பாடம் வெளியில நின்னு ஜன்னல் வழியாத்தான் கேட்டேன். அந்த வார்த்தையைப் பிள்ளைங்க கையில கொடுக்க மனசு வரலை. மரியாதையா இருக்கட்டுமேன்னு... 'விடை பெறு'ன்னு..."

மழை இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தது. டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்தாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெரிய டீச்சர் மேஜையில் இருக்கும் தாள் ஞாபகம் வந்தது. அறை எப்போதோ பூட்டியாகிவிட்டது. காலையில் முதல் வேலையாகத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

காலையில் பெரிய டீச்சர் விடுப்பு. வியாழக்கிழமைதான் வருவாராம்.

செவ்வாயும் புதனும் பள்ளி விட்டபின் இருவரும் அந்தச் சின்ன பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அவன் மாற்றிக் கொடுப்பான். அவள் சரிபார்த்து அடுக்குவாள். வார்த்தையை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"நாம யார் வீட்டுக்குப் போனாலும் 'போறேன்'னா சொல்றோம்? 'போயிட்டு வர்றேன்'னுதானே? அதையே போடுங்க. 'போய் வருகிறேன்'."

அவன் அதை எழுதிப் பார்த்தான். பொத்தானில் சரியாகப் பொருந்தியது.

"நான் எந்த ஸ்கூல்லயும் அப்படிச் சொன்னதில்லைங்க," என்றான், தலை நிமிராமல். "இந்த வருஷத்துல இது ஏழாவது ஸ்கூல். எங்கேயும் ரெண்டாவது தடவை போனதில்ல. 'கிளம்புறேன்'பேன். அவ்வளவுதான். வராத இடத்துல வர்றேன்னு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"ரொம்ப நேர்மை!"

"நேர்மை இல்லைங்க. அலுப்பு."

அந்த வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

வீட்டில் அம்மா மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கணக்கெடுத்தாள்.

"டேப்லெட் போட்டாச்சா, அம்மா?"

"என் டேப்லெட் போட்டாச்சு. உன் டேப்லெட் என்ன ஆச்சு? அந்த சார்ஜர் சாரை இன்னிக்கு ஏழு தடவை திட்டினே. நேத்து மூணு தடவைதான்."

"எண்ணிக்கிட்டா இருக்கே?"

"முட்டிதான்டி போச்சு. காது நல்லாத்தான் இருக்கு." தைலப் புட்டியை மூடி வைத்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஊர் ஊராப் போறவன். இதுவரைக்கும் கல்யாணப் பேச்சோட வந்த மூணு பேரும் 'போய்ப் பதில் சொல்றோம்'னுதான் போனாங்க. ஒருத்தராவது சொன்னாங்களா? இன்னொரு தடவை வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார எனக்குத் தெம்பில்ல. உனக்கும் இல்ல."

"என்னம்மா பேச்சு இது... அவர் ஏதாவது கேட்டாரா, நான் ஏதாவது சொன்னேனா?"

"அதான் நானும் சொல்றேன். கேக்கறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோ."

மகள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அம்மா சொன்னதில் பிழை இல்லை. அதுதான் வலித்தது.

வியாழக்கிழமை காலை, பெரிய டீச்சர் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"உன் ஆசைப்படியே ஆயிடுச்சும்மா. அந்தப் பையனை மாத்திட்டாங்க. நாளையோட கடைசி."

"மேடம்... அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கலாம்னுதான் வந்தேன். நீங்க லீவுன்னு..."

"லீவுல போனா வேலை நிக்குமா? அன்னிக்கே போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிட்டேனே! வேற ஆளு திங்கட்கிழமை வந்துடுவாங்களாம்."

ஒரு வார்த்தையை மாற்ற மூன்று வாரம். ஒரு ஆளை மாற்ற மூன்றே நாள்.

அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எதிரில் வந்தால் கரும்பலகையை அழித்தாள், அழிக்க அதில் ஒன்றும் இல்லாதபோதும். சாயங்காலம் தலைவலி என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். சொல்லிவிடேன் என்றது மனசு. எப்படிச் சொல்வதாம்? உனக்குத் தமிழ் தெரியாதென்று எழுதியவள் நான்தான் என்றா... வார்த்தைக்கு வார்த்தை பார்த்துப் பார்த்து வைத்த மனுஷனிடமா... நாளைக்குப் போகப்போகிறவன்தானே, தெரியாமலேயே போகட்டும் என்றது கௌரவம். தெரியாமலே போய்விட்டால் அப்புறம் நீ எப்படித் தூங்குவாய் என்றது இன்னொன்று.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே தேர்வு. இருபது கேள்வி. முக்கால் மணி நேரம். எல்லாரும் முதலில் சேமித்ததால் எழுதியது எதுவும் போகவில்லை. மதிப்பெண் பளிச்சென்று திரையில் வந்தது. மணி அடித்ததும், திங்கட்கிழமைச் சட்டப்படி முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் படித்தார்கள்.

"போய் வருகிறேன்!"

அப்புறம்தான் அழுத்தினார்கள். திரைகள் ஒவ்வொன்றாக, ஒழுங்காக மூடின. செருப்புச் சத்தமும் மழைச் சத்தமும் கலந்து வராந்தாவில் ஓடி மறைந்தது.

அறையில் இருவர் மட்டும். அவன் சார்ஜர் வயர்களைச் சுருட்டிச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வேற ஊருங்க," என்றான். "எனக்குத் தமிழ் தெரியலைன்னு யாரோ எழுதிக் கொடுத்துட்டாங்களாம்." சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை.

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வருடம் கத்திய குரல், இப்போது பார்த்துக் காற்றாக வந்தது.

"யாரோ இல்ல... நான்தான். திங்கட்கிழமை மத்தியானம். கோபத்துல... சாயங்காலம் நீங்க அந்த ஜன்னல் கதையைச் சொல்றதுக்கு முன்னாடி."

"தெரியும்."

"தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை காலையிலேயே மேலிடத்துலேர்ந்து போட்டோ வந்துடுச்சு. கீழே யாருன்னு இருந்ததை மட்டும் வெட்டிட்டாங்க. ஆனா தமிழ்ங்கிற வார்த்தையில 'ழ'வோட வாலைத் தரை வரைக்கும் இழுக்கிறது இந்த ஸ்கூல்ல ஒருத்தர்தானே! உங்க டேப்லெட்ல தினமும் பார்க்கிறேனே."

அவளுக்கு முகம் எரிந்தது. "தெரிஞ்சுமா... ரெண்டு நாளும் உட்கார்ந்து அத்தனையையும் மாத்தினீங்க? எனக்காகவா மாத்தணும்? திட்டிட்டுப் போயிருக்கலாமே!"

அவன் ஒரு வயரைச் சுருட்டினான். பிரித்தான். மறுபடி சுருட்டினான்.

"உங்க பக்கத்துல உட்கார முப்பத்தெட்டு சாக்கு கிடைச்சுதுங்க. நாற்பத்தஞ்சு, அம்பது பிள்ளைங்க இருக்கிற வகுப்பா இருந்திருக்கக் கூடாதான்னுதான்... வருத்தம்."

ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்தது. அவள் கண்ணில் நின்றது மழையா என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாவின் வாசல் ஞாபகம் வந்தது. பதில் சொல்கிறோம் என்று போன மூவர். வாசலைப் பார்த்தே ஓய்ந்த இரண்டு பேர். தெம்பில்லைதான்... ஆனாலும்.

அவன் பெட்டியைப் பூட்டினான். தோளில் பையை மாட்டினான். ஏழு பள்ளிகளின் பழக்கம் வாயில் தானாக வந்தது.

"சரிங்க டீச்சர்... கிளம்புறேன்."

அவள் தன் டேப்லெட்டை எடுத்தாள். முப்பத்தொன்பதாவது. திரையில் நீலப் பொத்தான் ஒளிர, அதை அவன் முன்னால் நீட்டினாள். குரல் நடுங்கவில்லை, அது ஐந்தாம் வகுப்பு டீச்சரின் குரல்.

"இந்த வகுப்போட சட்டம் என்ன? பொத்தான்ல எழுதியிருக்கிறதை... முதல்ல சத்தமா படிங்க."