கழுவாத ரோல்

வலப்பக்கம் வைத்த கத்தரிக்கோல் இடப்பக்கம் இருந்தது.

விளக்கை அணைத்த பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. இருட்டில் ஃபிலிம் சுற்றுகிறவர்களுக்குக் கைதான் கண். குளியலறைப் பலகையில் சோடா ஓப்பனர், ஃபிலிமைச் சுற்றும் ரீல், அதை வெளிச்சம் புகாமல் மூடிவைக்கும் டேங்க் எல்லாம் வரிசையாக இருக்கும். கத்தரிக்கோல் எப்போதும் வலது ஓரம். இன்று அது ஓப்பனரை ஒட்டி இடது ஓரத்தில் கிடந்தது. தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதைப் பழைய இடத்துக்கு மாற்றினாள்.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம், கதவிடுக்கில் திணித்த துண்டு, மருந்துத் தண்ணீரின் புளித்த நெடி, எங்கோ குழாயில் சொட்டுகிற சத்தம். படம் அச்சிடும்போது சிவப்பு விளக்காவது போட்டுக்கொள்ளலாம். கழுவாத ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. துளி வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு.

வருஷக்கணக்காக அவள் அந்த வட்டாரத்துப் பாட்டுக்காரர்கள் பின்னால் கேமராவோடு அலைந்தவள். மூடிய தியேட்டர், மெக்கானிக் ஷெட், கிடங்கு என்று எங்கே நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாகக் கூடினாலும் அங்கே போய் நிற்பாள். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. "கலர் ஃபிலிம் வாங்கக் காசில்லன்னு சொல்லிட்டுப் போயேன்க்கா, அதுக்கு எதுக்கு கலை கிலைன்னு இழுக்குற?" என்று தம்பி வாரிவிடுவான். அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான்.

அவன் கடைசியாகப் பாடியது இந்த ரோலில் இருக்கிறது. பாடி முடித்து பைக்கில் கிளம்பியவனை லாரி அடித்தது. உடலை மூடியே கொண்டுவந்தார்கள். அம்மாவை முகம் பார்க்க விடவில்லை. பார்ப்பதற்கு முகமும் இல்லை. அன்றிலிருந்து அம்மா சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். காலையில்தான் வாய் திறந்து கேட்டாள்: "அவன் பாடுன மொகத்த ஒரே ஒரு தடவ காட்டிடு கண்ணு. அப்புறம் நான் அழமாட்டேன்."

அந்த ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால் அம்மாவாவது மிஞ்சுவாள் என்றிருந்தது அவளுக்கு.

ஓப்பனரால் ரோலின் மூடியை நெம்பினாள். ஃபிலிம் சுருள் கையில் விரிந்தது. நுனியை வெட்டக் கத்தரிக்கோலுக்காக வலப்பக்கம் துழாவினாள். இல்லை. பலகை ஓரம்வரை தடவிப் பார்த்தாள். இல்லை.

பிறகு யாரோ அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். பிடி அவள் பக்கம் இருக்கும்படி, பதமாக.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் ஃபிலிம் திறந்தபடி அவள் கையில் இருந்தது. விளக்கைப் போட்டால் தம்பி இரண்டாவது தடவையும் போய்விடுவான்.

கதவுக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சுதா கண்ணு?"

"இல்லம்மா. கதவத் தொறந்துடாத."

"உள்ள யாரோட பேசிட்டிருக்க?"

"நான் பேசவே இல்லம்மா."



அவள் நுனியை வெட்டி, ரீலில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். கிரிச், கிரிச். ஒவ்வொரு கிரிச்சுக்கும் பின்கழுத்தில் ஒரு மூச்சு. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது, கொஞ்சம் தாமதமாக.

அப்புறம் விரல்கள் வந்து அவள் இடது மணிக்கட்டைப் பற்றின. கூட்டத்தில் அவள் தொலைந்துபோகாமலிருக்கத் தம்பி பிடித்து இழுத்துப் போவானே, அதே இடம்.

"நீயாடா?"

விரல்கள் ஒருமுறை அழுத்தின. ஆமாம் என்பதுபோல. பயமெல்லாம் வடிந்து அவளுக்கு அழுகை பொங்கியது. சந்தோஷமாகக்கூட இருந்தது. வலது கையால் அந்தக் கையைத் தடவினாள். அதுவும் இடது கைதான். கிட்டார் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகளைத் தேடினாள்.

நுனிகள் மெத்தென்றிருந்தன. பிறந்த குழந்தைக்குக்கூட அத்தனை மென்மையான விரல் இருக்காது. எந்த விரலிலும் நகம் இல்லை.

தம்பி இல்லை.

சுவிட்ச். வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான். சுற்றினாள். மூச்சு காதுக்கு வந்தது. சுற்றினாள். ஃபிலிம் முடிந்தது. டேங்குக்குள் ரீல். மூடி. திருகு. இன்னும் ஒரு திருகு.

விளக்கைப் போட்டாள்.

யாரும் இல்லை. பலகை, வாளி, கண்ணாடியில் அவள் முகம். பிடி மட்டும் விடவில்லை. மணிக்கட்டில் ஐந்து பள்ளங்கள், வெளுத்து, ஓரம் சிவந்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இன்னும் ஆழமாக இறங்கியது.

"லைட்டு எரியுதே. வரட்டுமா?"

"வராதம்மா!"

கதவு திறந்துவிட்டது. அம்மாவின் கண் நேராக அந்தப் பள்ளங்களுக்குப் போனது.

"அவன்தான?"

"இல்லம்மா. சத்தியமா இது அவன் இல்ல. வெளிய போம்மா, ஓடு."

அம்மா காதில் வாங்கவில்லை. சோறு காணாமல் மெலிந்த கையை நீட்டினாள். "எங்கிட்ட வாடா."

பிடி தளர்ந்தது. மணிக்கட்டில் ரத்தம் சுள்ளென்று திரும்பியது.

அம்மாவின் விரல்கள் வெறுங்காற்றோடு கோத்துக்கொண்டு இறுகின. முட்டிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. "எவ்வளவு சில்லுன்னு இருக்குது கை. சாப்பிட்டியாடா?"

"அவன் முகம் இதுலதாம்மா இருக்கு. இதப் பாரும்மா. இதப் பாரு!" டேங்கை நீட்டிக்கொண்டு அவள் கத்தினாள். அம்மா திரும்பவில்லை. யாரையோ கைப்பிடித்து நடத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தட்டு வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சிரித்த கன்னத்தில், ஒரு முத்தம் அளவுக்குச் சதை உள்ளே அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது.