சாத்தூர்ப் பியானோ

வெள்ளிக்கிழமை காலையில் விருதுநகர் ரசப்பொருத்த மையத்தில் ஏலக்கடைக் கூட்டம் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் மறுபக்கம், நடுவில் திரை. பையனும் பெண்ணும் பிடரியில் ரசனையை அளக்கும் ரசமானியை ஒட்டிக்கொண்டு, திரைக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒரு பியானோ கன்செர்ட்டோவை முழுதாகக் கேட்க வேண்டும். இருவருடைய இன்பக்கோடும் சுவரில் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் கல்யாணம். முறுக்கிக்கொண்டால் காபியைக் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்கு.

ஜாதகம் போய் இது வந்ததற்கு நியாயம் உண்டு. சமையலை அடுப்பே பார்த்துக்கொள்கிறது. கடையை இயந்திரம் பார்க்கிறது. பிள்ளைக்குப் பாடத்தைச் சுவர் சொல்லித் தருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் செய்வதற்கு மிச்சமிருப்பது ஒன்றுதான்: சேர்ந்து எதையாவது ரசிப்பது. அதுவும் வராத ஜோடிக்கு மண்டபம் கிடையாது என்று வியாபாரிகள் சங்கம் விதி போட்டது.

எதைக் கேட்கவைப்பது என்பதில்தான் இழுபறி. கர்நாடக சங்கீதம் என்றால் வாத்தியார் வைத்துத் தயார் செய்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டு என்றால் பழைய காதல் குறுக்கே வந்து நிற்கிறது. கடைசியில், இந்த ஊரில் யாருக்கும் மாமன் மச்சான் ஆகாத சங்கீதமாகப் பார்த்து இந்தக் கன்செர்ட்டோவை எடுத்தார்கள். போகப்போக வியாபாரிகளுக்கே அது ருசித்தது. ஒரு பக்கம் ஒற்றைப் பியானோ, எதிரே ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும். ஒன்று விலை சொல்லும், மற்றது உதட்டைப் பிதுக்கும். நடுவில் இரண்டும் தணிந்து பேசும். முடிவில் பேரம் படியும்.

மிளகாய் வத்தல் மண்டி வேலாயுதத்தின் மகள் பவளக்கொடிக்குத்தான் படியவில்லை. ஜெயசீலனை அவளே பார்த்து, அவளே பிடித்து, வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தாள். கோடுகள் சம்மதிக்கவில்லை. அவன் கோடு பனைமரம் ஏறிய இடத்தில் அவள் கோடு கிணற்றில் கிடந்தது.

"மறுகேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணாச்சி, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாம்," என்றார் தரகர் பால்ச்சாமி. "சாத்தூர் மையத்துல வச்சுக்குவோம்."

"அங்க மட்டும் வேற பாட்டா? சரக்கு ஒண்ணுதானவே?"

"வத்தல் ஒண்ணுதான். அம்மியில அரைச்சா ஒரு ருசி, மெஷின்ல அரைச்சா ஒரு ருசின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

விருதுநகரில் இருப்பது கார்பன் இழையில் வார்த்த, தானே வாசிக்கும் கறுப்புப் பியானோ. அதற்குள் ஏற்றியிருப்பது போட்டிகளில் ஜெயித்த ஒருவரின் விரலசைவுப் பதிவு. ரயிலைப் பிடிக்க ஓடுகிற வாசிப்பு. சாத்தூரில் இருப்பது பழைய மரப்பியானோ. அதுவும் தானே வாசிப்பதுதான், ஆனால் அதற்குள் இருக்கும் விரல்கள் எப்போதோ இறந்துபோன ஓர் அம்மாளுடையவை. அவசரமே இல்லாதவை. ஒவ்வொரு சுரமும் சட்டென்று மங்கிவிடும். அடுத்தது வரும்வரை காது தானாக முன்னால் சாயும்.

சாத்தூரில், நடுப்பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் வாயை மூடிக்கொள்ள, பியானோ தனியாகப் பேசியபோது, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. வேலாயுதம் எழுந்து சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

பவளக்கொடி மட்டும் திரையை விலக்கிக்கொண்டு ஜெயசீலனிடம் போனாள்.

"போன வாரம் விருதுநகர்ல, பாட்டு முடியிறப்ப தடதடன்னு ஓடுச்சே, அப்ப எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

"எந்திரிச்சு ஆடலாம்போல இருந்துச்சு. உனக்கு?"

"ரசமானியப் பிச்சு எறியலாம்போல." அவள் சிரிக்கவில்லை. "இன்னைக்குச் சேந்துட்டோம். வீட்டுக்குப் போனா எந்தப் பியானோ வாசிக்கும்?"

ஜெயசீலன் திரும்பி அந்த மரப்பியானோவைப் பார்த்தான்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "சீரா நகை வேண்டாம்ப்பா. இந்தப் பியானோ வேணும்."

"ஏம்மா, மாட்டுவண்டி கேட்டாக்கூட வாங்கிருவேன். இதை எங்க வைக்க?"

"வாங்கலாம் அண்ணாச்சி," என்றார் பால்ச்சாமி. "அடுத்த மாசம் இங்கயும் கறுப்புப் பியானோ வருது. எல்லா ஊருக்கும் ஒரே ஓசைன்னு சங்கத்துல முடிவு. ஆனா ஒண்ணு தாயி, தரகன் குறையை மறைச்சு விக்கக் கூடாது. உள்ள கம்பியை அடிக்கிற சுத்தியல்ல கம்பளி சுத்தியிருக்கு. அடிக்க அடிக்க அது இறுகும். சில வருஷத்துல இதுவும் கறுப்பு மாதிரியே கத்தும்."

வேலாயுதம் முகம் விழுந்தது. கல்யாணத்துக்கே காலாவதித் தேதி போட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"இளக்க முடியாதா?" என்றான் ஜெயசீலன்.

"முடியும். ஊசியால கம்பளியைக் குத்தணும். குத்திட்டுக் கேக்கணும், மறுபடி குத்தணும். அதிகம் குத்திட்டா ஓசை செத்துரும்."

"கடையில கோணி ஊசி கிடக்கு," என்றார் வேலாயுதம்.

"இது வத்தல் மூட்டை இல்ல அண்ணாச்சி."

"சரி, அதுக்கு ஒரு மெஷின் இருக்குமே?"

"இல்ல. யாருக்கு எவ்வளவு இளகணும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? கேக்கிறவங்கதான் குத்தணும்."

"அப்ப ரெண்டு பேரும் வீட்ல வேலை பாக்கணுமா?" யாருக்கோ நோய் என்று கேள்விப்பட்டவர்போல் கேட்டார் வேலாயுதம்.

பவளக்கொடி அதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். வரிசையாக நின்ற சுத்தியல்களில் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்து, ஜெயசீலனின் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள்.

"இது இறுகியிருக்கு. இதுலருந்து ஆரம்பிக்கணும்."

அவன் தடவிப் பார்த்தான். அடுத்ததையும் தடவினான்.

"இது நல்லாத்தான இருக்கு," என்றான். "பக்கத்துல உள்ளதுதான் இறுகியிருக்கு."

"இல்ல. நல்லா அழுத்திப் பாருங்க."