ஒஸெல்லா அம்மாளின் சொல்லா விண்ணப்பம்

வெர்னெல் சூடான பிஸ்கட் ரொட்டித் தட்டை மேஜையில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் கொழுந்தன் ராய்ஸ் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். இந்த வீடு சபைக்குச் சொந்தமானது. போதகர் சிறையில் கிடக்கும்போது அவரைக் காட்டிக்கொடுத்தவள் இங்கே குடியிருப்பது சபைக்கு அழகில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மூப்பர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள்.

"அண்ணன் கிட்டயும் கேட்டாச்சு," என்றான். "தடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு, சிஸ்டர் வெர்னெல்."

இத்தனை வருஷமாக அவளை 'வெர்னி' என்று கூப்பிட்டவன் அவன். சிஸ்டர் என்ற அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மேஜையின் மறு முனையில் அவள் மாமியார் ஒஸெல்லா அம்மாள் சோளரவைக் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டினாளே தவிர ஒரு வாய் உள்ளே போகவில்லை. ராய்ஸ் மட்டும் இரண்டு ரொட்டியில் கிரேவி ஊற்றிச் சாப்பிட்டான். ஒருத்தியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லும் போதும் அவள் சுட்ட ரொட்டி ருசியாகத்தான் இருந்திருக்கிறது.

வெர்னெலின் கணவர் பிரதர் ஹோயல் ட்ரவிக்கைத் தெரியாதவர்கள் வட அலபாமாவில் இல்லை. பூமிக்கு வயது ஆறாயிரம்தான், ஆதாமும் டைனோசரும் ஒரே ஆற்றில் தண்ணீர் குடித்தார்கள் என்று ஊர் ஊராகப் போய் நிரூபிப்பதே அவர் ஊழியம். கூட்ட முடிவில் கையை விரித்து, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள் என்பார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அத்தனை பெரிய மிருகம் பேழைக்குள் எப்படி நுழைந்தது என்று கல்லூரிப் பையன்கள் மடக்கப் பார்த்தால், "நோவா என்ன முட்டாளா? குட்டியா பாத்து ஏத்தியிருப்பார்," என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார். அந்தப் பதிலைக் கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னவள் வெர்னெல். அது அவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததில் அவளுக்குப் பெருமைதான். அவளுக்கு எதையும் துருவிப் பார்க்கிற புத்தி. போதகர் மனைவிக்கு அவ்வளவு புத்தி ஆகாது என்பதால் அதை அடுப்படியோடு நிறுத்திக்கொண்டாள்.

சபைக்குப் பின்னால் இருந்த பருத்தி வயலில் ஹோயல் ஒரு மண்டபம் கட்டினார். உள்ளே சிமென்ட் டைனோசர்கள், நடுவில் கூரையைத் தொடும் நீளக் கழுத்து ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்தார்கள். கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் கட்டட அனுமதி மட்டும் வாங்கவில்லை. நோட்டீஸ் வந்தபோது, "நோவா எந்த ஆபீஸ்ல பர்மிட் வாங்கினார்?" என்று பிரசங்கத்தில் கேட்டார். சபை எழுந்து நின்று ஆமென் சொன்னது. ராய்ஸ் அதைப் பனியனில் அச்சடித்து விற்றான்.

வழக்கு நடந்தது. வக்கீல் வேண்டாம் என்று தானே வாதாடிய ஹோயல், கவுண்டியின் கட்டடப் பரிசோதகரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வைத்து, உம்மை ஏவிவிட்ட நாத்திகன் யார் என்று உலுக்கினார். அந்த மனிதர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க வீட்டுலேருந்துதான் ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க," என்றார்.

கோர்ட் முழுவதும் திரும்பி வெர்னெலைப் பார்த்தது. ஹோயலும் பார்த்தார். மண்டபத்து உத்தரம் ஒன்று தொய்ந்த மாதிரி இருக்கிறதே என்று முன்பொரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டவள் அவள்தானே.

அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள், பரிசோதகரை உள்ளே விடுங்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் நீதிபதி. அதுவரை மண்டபம் பூட்டிக் கிடக்க வேண்டும், ஹோயல் சிறையில் இருக்க வேண்டும். சிறைச் சாவி ஹோயலின் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கத்தான் மனம் வரவில்லை. வெர்னெல் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும், பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அவள் மறுக்காமல் இல்லை. கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்றே, நான் ஃபோன் பண்ணவில்லை என்று ராய்ஸிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "அப்ப யாரு? எங்கம்மாவா?" என்றான்.

பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஒஸெல்லா அம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. வெர்னெல் அதைப் பார்த்தாள். வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். வெர்னெலின் வாய் அப்போது மூடியதுதான்.

ஏன் மூடினாள்? கிழவிக்கு உலகமே மூத்த மகன்தான். அவன் பிரசங்கம் வானொலியில் வந்தால் கோழியைக்கூடக் கூவவிட மாட்டாள். பெற்ற தாய்தான் காட்டிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் ஹோயல் உடைந்துபோவார், கிழவி அன்றைக்கே செத்துப்போவாள். தனக்காவது தாங்குகிற வயது இருக்கிறது என்று வெர்னெல் நினைத்தாள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளைத் தூங்கவிடவில்லை. மகன் சொல்வதை வேதத்துக்கு அடுத்தபடியாக நம்புகிறவள் எதற்காக அந்த ஃபோனை எடுத்தாள்?

சபையில் யாரும் வெர்னெலைத் திட்டவில்லை. அந்தச் சபையில் வம்பு பேச மாட்டார்கள், ஜெபிக்க மட்டும் செய்வார்கள். அதனால் வம்பையெல்லாம் ஜெபத்திலேயே பேசிவிடுவார்கள். "ஆண்டவரே, எங்க நடுவுல இருக்குற யூதாஸுக்கு மனசு மாறட்டும்," என்று அவள் காதுபடவே கண்ணீரோடு வேண்டினார்கள். பிள்ளைகளுக்கு அவள் நடத்திய ஞாயிறு வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். சபை விருந்தில் அவள் சமைத்த கோழியை ஒருவரும் தொடவில்லை. தொடாத பாத்திரத்தை அவள் துணி போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று மட்டும் காரில் உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லுவார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மருமகன். வெளியே சொல்ல முடியாத பாரமாக இருந்தால், கையை உயர்த்தி 'சொல்லா விண்ணப்பம்' என்றால் போதும். என்ன ஏது என்று கேட்கக் கூடாது, அதற்கும் சேர்த்து ஜெபிக்க வேண்டும். ஹோயல் உள்ளே போன வாரத்திலிருந்து ஒஸெல்லா அம்மாள் தவறாமல் கையை உயர்த்தினாள். பாவம், மருமகளுக்காகத்தான் என்று சபை முணுமுணுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ராய்ஸ் கிளம்பிப் போனதும் வெர்னெல் மாமியார் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஞாயித்துக்கெழம போயிடறேன். யார் கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். ஏன் பண்ணீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

கிழவி ஜன்னலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வார்த்தை வரும் என்று வெர்னெல் காத்திருந்தாள்.

"அடுப்புல காப்பி பொங்குது பாரு," என்றாள் ஒஸெல்லா அம்மாள்.

அன்று புதன்கிழமை. கூட்டத்துக்கு வெர்னெல் கடைசி முறையாகப் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ராய்ஸ் எழுந்து ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்தான். பிள்ளைகளின் கோடை வேதாகமப் பள்ளி திங்கட்கிழமை தொடங்குகிறது. நடக்கப்போவது நம் மண்டபத்தில்தான். பூட்டை உடைப்போம். கவுண்டிக்காரர்கள் வந்தால், பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆமென் என்றது சபை. பிறகு விண்ணப்பங்கள் ஆரம்பமாயின. யாருக்கோ கண் அறுவை, யாருக்கோ மழை. முன் வரிசையில் ஒஸெல்லா அம்மாள் கையை உயர்த்தினாள்.

"சொல்லா விண்ணப்பம், சிஸ்டர் ஒஸெல்லா," என்று ராய்ஸ் வழக்கம்போல் குறித்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தான்.

கை இறங்கவில்லை.

"இன்னிக்குச் சொல்றேன்," என்றாள் கிழவி. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "ஃபோன் பண்ணது நான்."

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ராய்ஸ், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உட்காருங்கள் என்று கிட்டே வந்தான்.

"நீ உக்காரு," என்றாள் அவள். "உங்கப்பாவப் புயல் கொன்னுச்சுன்னு உனக்கும் உங்கண்ணனுக்கும் சொல்லி வளத்தேன். புயல் இல்ல. அவரே கட்டின கோழிக் கொட்டாய்... ஈர மரத்தப் போட்டுக் கட்டினாரு. யார் கிட்டயும் கேக்கல. பெரிய பனி விழுந்தப்ப அந்தக் கூரை முனக ஆரம்பிச்சுது. எனக்குக் கேட்டுச்சு. சொன்னேன். மரம் அப்படித்தான் பேசும், நீ உள்ள போன்னாரு. நான் உள்ள போயிட்டேன். புருஷன் பேச்சுக்கு மேல பேசக் கூடாதுன்னுதான் என்ன வளத்தாங்க. அவரு தீனி போடப் போனாரு..."

 யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கவில்லை.

"வசந்தத்துல ஸ்கூல் பிள்ளைங்க அந்த மண்டபத்துல நின்னு பாடிச்சுங்க. பாட்டுக்கு நடுவுல அதே சத்தம் கேட்டுச்சு. ஹோயல் கிட்ட சொன்னா அவனும் உள்ள போன்னுவான், நானும் போயிடுவேன்னு பயந்தேன். என் வாய நான் நம்பல. ஃபோன எடுத்தேன்." அவள் திரும்பிக் கடைசி பெஞ்சைத் தேடினாள். "அந்தப் பொண்ணுக்கு நான்னு தெரியும். அத்தன பேரும் கல்ல விட்டெறிஞ்சீங்க. எம் மவன் சிரிக்கறதப் பாத்துக்கிட்டே எனக்குக் கஞ்சி ஊத்தினா. ஒரு வார்த்த சொல்லல. எனக்குத்தான் அவளக் காப்பாத்தத் துணிச்சல் வரல... வெர்னெல், கிட்ட வாம்மா. எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியல."

வெர்னெல் எழுந்து போனாள். இருபுறமும் பெஞ்சுகளில் தலைகள் குனிந்தன. கிழவி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் கேவினாள். வெர்னெலுக்கும் அழுகை பீறிட்டது. ஆனால் அழுகையோடு அழுகையாக, ஓ, அதுதானா, அந்தச் சத்தத்தைத்தானே நானும் கேட்டேன் என்று அவள் மனம் ஓடியது. தான் கேட்டதை உத்தரம், தொய்வு என்று மேஜையில் சொன்னாள். கிழவி கேட்டதை இறந்துபோன கணவரோடு சேர்த்துச் சுமந்திருக்கிறாள். ராய்ஸ் பாட்டுப் புத்தகங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். வெளியே வரும்போது, "திங்கக்கெழம பிள்ளைங்கள மரத்தடியில உக்கார வைக்கலாம், வெர்னி," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் இரண்டு பெண்களும் சிறைக்குப் போனார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்றதும் ஹோயல் வந்தார். ஆரஞ்சுச் சட்டையில் இளைத்திருந்தார். நடுவில் கண்ணாடி, பேசுவதற்கு இந்தப் பக்கம் ஒரு ஃபோன், அந்தப் பக்கம் ஒன்று. வெர்னெலைப் பார்த்ததும் முகம் இறுகியது. வேதத்தில் பவுலும் சீலாவும் சிறையில் பாடியதைப் பற்றித் தாயிடம் சொல்லத் தொடங்கினார். ஒஸெல்லா அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள். முந்தின நாள் சபையில் சொன்ன அத்தனையையும் இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை அழவில்லை.

ஹோயல் குனிந்து தன் கையைப் பார்த்தார். கிழவி ஃபோனை மருமகள் கையில் கொடுத்தாள்.

"நான் பண்ணல," என்றாள் வெர்னெல். "ஆனா பண்ணியிருக்கணும். ஒரு தடவ சொன்னேன், நீங்க சிரிச்சீங்க, விட்டுட்டேன். பிள்ளைங்க தெனமும் அதுக்குக் கீழதான் உக்காந்துச்சுங்க. உங்கம்மா உங்க மேல வச்ச அளவுக்கு நான் பாசம் வைக்கல, ஹோயல். நான் அழுதது சபை பேசினதுக்காக மட்டும் இல்ல, இதுக்காகவும்தான்."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு வசனம் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள். வரவில்லை. மேடை மேடையாகப் பதில் சொல்லி வளர்ந்த மனிதர், பதில் தெரியாத முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

வெர்னெல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நீளக் கழுத்து டைனோசருக்கு நேர் மேலே இரண்டு உத்தரங்கள் சேருகிற இடம், காற்று அடித்தால் சத்தம் இல்லை, கூட்டம் நிறைந்தால் மட்டும் வருகிறது என்றாள். விரலால் கண்ணாடியில் வரைந்து காட்டினாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. ஆணி அடித்ததா போல்ட்டா என்று அவள் கேட்டாள், ஆணிதான் என்றார் அவர். 

"அந்தக் கவுண்டி ஆள வரச் சொல்லு. கையெழுத்துப் போடறேன்," என்றார் கடைசியில். "நீயும் கூடப் போ. எங்க பாக்கணும்னு அவருக்குத் தெரியாது."

காவலர் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினார். ஹோயல் எழுந்தார். ஃபோனை வைக்கப் போனவர் மறுபடியும் காதில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"வெர்னி... உன்ன நான்..."

"அத வீட்டுக்கு வந்து சொல்லுங்க," என்றாள் வெர்னெல். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னா எனக்குப் பத்தாது."