முதுகு மட்டும் இருந்த உருவம்

விரலை எடுத்த பிறகும் அந்த உருவம் நாலடி நடந்தது.

ஜோதிலட்சுமிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மகளுக்காகச் செய்துகொண்டிருந்த விளையாட்டில், அம்புக்குறியை அழுத்தினால் பொம்மை வெடுக்கென்று குதிக்காமல் மெல்ல வேகமெடுக்க வேண்டும், விட்டால் சட்டென்று நிற்காமல் ஈர மணலில் நடக்கிறவன் மாதிரி ஓரடி வழுக்கி நிற்க வேண்டும் என்று காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓரடி போதும். நாலு ரொம்ப அதிகம்.

அது வெறும் பொம்மையும் இல்லை. போன தை மாதம் மாமல்லபுரத்துக் கடலில் குளிக்க இறங்கிய அவள் புருஷன் பரணிதரன் கரையேறவே இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அலையை நோக்கி அவன் நடந்துபோனதை இவள் போனில் பிடித்த ஒன்பது நொடி வீடியோதான் மிச்சம். அதைப் படம் படமாக வெட்டித்தான் இந்த நடையைச் செய்திருந்தாள். "அப்பா நடக்கறத காட்டும்மா" என்று ஆறு வயது கீர்த்தனா தினமும் நச்சரித்தாள். குழந்தை அவனை மறந்துவிடுமோ என்று இவளுக்குப் பயம். வீடியோவில் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதனால் விளையாட்டிலும் எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான். திரையின் மேலே கடல், கீழே ஒரு வீடு.

திருவிடந்தையின் மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டித் தரையில் கிடந்தது, மின்விசிறி கடகடத்தது, எதிரே, உள்ளறையில் கீர்த்தனா மதியத் தூக்கத்தில் இருந்தாள், எங்கிருந்தோ அழுகிய கடற்பாசியின் வாடை மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டு, உருவத்தின் வேகத்தைத் திரையோரம் காட்டவைத்துப் பார்த்தாள். பூஜ்யம். ஆனாலும் அது நடந்தது. முதுகைக் காட்டியபடி, கடலிலிருந்து வீட்டை நோக்கி, பின்பக்கமாக.

போன் அடித்தது. கீழ் வீட்டு சந்திரம்மா.

"இன்னாமா, யாரு வந்துகீறாங்க? படியெல்லாம் ஒரே தண்ணி. மண்ணு வேற."

"யாரும் வரலியேக்கா."

"அப்ப மேல ஏறிகினு போறது யாரு? தொப்பு தொப்புன்னு கேக்குதே!"

ஜோதி போனை வைத்தாள். அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கரையைவிட்டுக் கிளம்பும்போது, திரும்பிப் பார்க்கவே கூடாது என்று புரோகிதர் சொன்னார். மாமியாரும் கையைப் பிடித்துச் சொன்னார். எல்லோரும் விறுவிறுவென்று போய்விட, இவள் மட்டும் திரும்பினாள். ஒருவேளை வருகிறானோ என்று. பாழாய்ப்போன ஆசை.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

காலடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தொப்.

வாசல் கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது. தாழ்ப்பாள் போட்டதுதான். சத்தம் அதற்கு இந்தப் பக்கம் கேட்டது.

தொப்.

திரும்ப மாட்டாள். செத்தாலும் மாட்டாள்.

உள்ளறையிலிருந்து கீர்த்தனா ஓடிவந்தாள். மடியில் ஏறி, அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா வந்துகீறாரு."

"பாக்காதடி. கண்ண மூடிக்கோ."

"முதுகுதாம்மா தெரியுது."

சத்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பிடரியில் ஏதோ சொட்டியது. சில்லென்று. உப்பு வாடை.

"திரும்புறாரும்மா..." குழந்தை இன்னும் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கமும் முதுகாவே கீது."

ஜோதி மகளை இறுக்கிக்கொண்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கீர்த்தனா பயப்படவில்லை. தூக்கச் சொல்லும்போது நீட்டுவாளே, அப்படி இரண்டு கைகளையும் அம்மாவின் தோளுக்கு மேலே நீட்டினாள்.

இறுக்கிய பிடி இறுக்கியபடியே இருந்தது. மடியில் பாரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.