குதிகால் கோடுகள்

மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவள் கூடத்து நடுவில் அப்படியே நின்றாள். காலையில் துடைத்த தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன. ஒரு சாண் இடைவெளி விட்டு, தண்டவாளம் மாதிரி ஒன்றையொன்று தொடாமல், படுக்கையறை வாசலில் தொடங்கிச் சாப்பாட்டு மேசைவரை வந்து நின்றிருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். வாடகைக்கு வந்த இந்த மாடி வீட்டில், பழைய சிமெண்டின் மேல் வீட்டுக்காரர் புதிதாக வினைல் ஷீட் ஒட்டிக் கொடுத்திருந்தார். வெளிர் மர நிறம். ஒரு முடி விழுந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டி முடித்த மேஸ்திரி கிளம்பும்போது வாசலில் நின்று பாடமே எடுத்துவிட்டுப் போனார்.

"பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவுற வேலையே வேணாம்மா. முதல்ல மண்ணைக் கூட்டி எடுத்துடுங்க. மண்ணோட துடைச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் மாப்பை நல்லாப் பிழிஞ்சு துடைங்க. கம்பி நாரு, பிளீச்சிங் பவுடரு ரெண்டும் கிட்டவே வரக் கூடாது. ஓரத்துல தண்ணி இறங்குச்சுன்னா ஷீட் தூக்கிக்கும், சொல்லிட்டேன்."

அவள் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாள். வயிற்றில் ஐந்து மாதம். குனிந்து நிமிர்வது சிரமம் என்றாலும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மாப்பைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். "நான் ஷூவோட உள்ள வந்தா என்னையே பிழிஞ்சு காயப்போட்டுருவா" என்று கணவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கோடுகளின் மேல் துணியில் ஒரு துளி எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். போய்விட்டன. துணியை மோந்து பார்த்தாள். சூடேறிய ரப்பர் வாசனை.

மறுநாளும் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தாள். எழுந்து வந்தபோது கோடுகள் மறுபடியும் இருந்தன. இந்த முறை மேசையைச் சுற்றி வளைந்து, சமையலறை வாசலைத் தொட்டிருந்தன.

"நாற்காலியை இழுத்திருப்பே. மறந்திருப்பே" என்றான் கணவன் ராத்திரி வந்ததும். அச்சகத்தில் நாள் முழுக்க நின்ற களைப்பு அவன் குரலில் இருந்தது. "நேத்து செருப்போடயே படுத்துத் தூங்கினேன்னு நீதானே சொன்னே?"

அது உண்மை. வீட்டுக்குள் மட்டும் போடும் அந்த ரப்பர் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே கழற்றிப் போட்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம். எழுந்தபோது இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன. இன்றும் அப்படித்தான். அதை அவனிடம் சொல்ல ஏனோ வாய் வரவில்லை. எல்லா நாற்காலிக் கால்களுக்கும் அடியில் கம்பளித்துணி வெட்டி ஒட்டிவிட்டுப் படுத்தாள்.

அதன் பிறகும் கோடுகள் வந்தன. சமையலறைக்குள் போயின. பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாண்டி, மூலையில் இரண்டு ஷீட்டுகளின் விளிம்பு சேரும் இடத்தை நோக்கி, ஒவ்வொரு மத்தியானமும் ஒரு முழம், இரண்டு முழம் என்று வளர்ந்தன. அவளும் அழித்துக்கொண்டே இருந்தாள். எண்ணெயும் சோப்பும் கலந்த வாடையில் குமட்டிக்கொண்டு வந்தது. அந்த மூலையில் விளிம்பு ஒரு நகக்கண் அளவு மேலே எழும்பியிருப்பதை ஒருநாள் விரல் தடுக்கித் தெரிந்துகொண்டாள். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் விட்டதில்லை.

மேஸ்திரிக்குப் போன் செய்தாள். மனுஷர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். முந்தின நாள் கோடுகளை அவருக்காகவே அவள் துடைக்காமல் விட்டிருந்தாள். மண்டியிட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நாற்காலி இல்லம்மா. அதுன்னா கீறியிருக்கும். இது ரப்பர் தேஞ்ச கோடு." வாய்விட்டுச் சிரித்தார். "மல்லாக்கக் கிடக்குற ஆளை அக்குள்ல கைகொடுத்து இழுத்துட்டுப் போனா, குதிகால் இப்படித்தான் கோடு போடும். வீட்டுல புருஷன் பெண்டாட்டி யாரு யாரை இழுக்குறீங்க?"

அவளும் சிரிக்கப் போனாள். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் கண் அவள் காலில் இருந்தது.

"செருப்பைக் கொஞ்சம் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தாள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேலே பூவேலை அப்படியே இருந்தது. அடியில் குதிகால் பக்கம் மட்டும், இரண்டு செருப்பிலும் ஒரே மாதிரி, கத்தியால் சரிவாகச் சீவினதுபோல் தேய்ந்து போயிருந்தது.

மேஸ்திரி செருப்பை மெதுவாகத் தரையில் வைத்தார். மூலையில் எழும்பிய விளிம்பைச் சரிசெய்யக் கொண்டுவந்த பசை டப்பாவை அவர் திறக்கவேயில்லை.

"மத்தியானத்துல தனியாத் தூங்காதீங்கம்மா" என்றார். படியில் அவர் இறங்கிய வேகம் அவளுக்குக் கேட்டது.

கணவன் போனில் முதலில் சிரித்தான், பிறகு அவள் அழுவதைக் கேட்டு அடங்கினான். "அக்காவை வரச் சொல்றேன். நான் வர்ற வரைக்கும் அவ இருக்கட்டும். நாளைக்கு வேற வீடு பார்க்கலாம், சரியா?"

நாத்தனார் தையல் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆள் நல்ல வாட்டசாட்டம், வாயும் அப்படித்தான். "பேய் வந்தா அது கையிலயும் ஒரு மாப்பைக் கொடுத்து வேலை வாங்கிடுவேன். நீ உள்ள போய் உட்காரு. நான் கூடத்துலயே இருக்கேன். ஈ, காக்கா உள்ள வராது."

"அண்ணி, தூங்கிடாதீங்க."

"நான் எங்கடி தூங்கப் போறேன்? தைக்க வேண்டியது மலையாட்டம் கிடக்கு."

அவள் செருப்பைப் படுக்கையறைக்கு வெளியே விட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டாள். கட்டிலில் கால்களை மடக்கிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஜன்னல் வழியே தெருவில் ஒரு வண்டி போகும் சத்தம், எதிர் மாடியில் யாரோ துணி உதறும் சத்தம், கூடத்தில் நாத்தனார் பொத்தான்களை டப்பாவில் கிளறும் சத்தம், தண்ணீர் குடிக்க எழுந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் திரும்பும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்து அவளைத் தைரியப்படுத்தின. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பொத்தான் சத்தம் நின்றது.

துணி உதறும் சத்தமும் நின்றது. தெருவே நின்றுவிட்டது மாதிரி இருந்தது.

"அண்ணி?"

பிறகு அது கேட்டது. ஈரக் கண்ணாடியில் விரலை வைத்து மிக மெதுவாக இழுப்பதுபோல் ஒரு கிறீச்சல். நிற்கும். மூச்சு வாங்கிக்கொள்வதுபோல் ஓர் இடைவெளி. மறுபடியும் கிறீச்.

கதவிடுக்கு வழியே ரப்பர் வாசனை வந்தது.

திறக்க வேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் வெளியே இருப்பது தனக்காக வந்தவள். தாழை நீக்கினாள்.

நாத்தனார் மல்லாந்து கிடந்தாள். தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. முதுகு தரையில் படவில்லை. இரண்டு தோள்களும் காதுவரை ஏறி, கைகள் பக்கவாட்டில் தொங்க, யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தது மாதிரி தலை முன்னால் சாய்ந்து ஆடியது. பிடித்திருந்த ஆளைத்தான் காணோம். அவள் காலில் இருந்தது இவளுடைய செருப்பு. குதிகால்கள் தரையில் தேய்ந்தபடி, சமையலறைக்குள், பின்பக்கமாக, போய்க்கொண்டிருந்தாள்.

கோடுகள் அவள் காலடியிலிருந்து கறுப்பாக நீண்டன.

"அண்ணி! எந்திரிங்க!"

கண் திறக்கவில்லை. மூலையில் ஷீட்டின் விளிம்பு எழும்பியது. ஒரு நகக்கண். ஒரு சாண். புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல் ஓசையில்லாமல் மடங்கித் திறந்தது. கீழே சிமெண்ட் இல்லை. இருட்டு. அதிலிருந்து குளிர்ந்த, ஈரமான காற்று வந்து அவள் முகத்தில் பட்டது.

ஓடினாள். விழுந்தாள். நாத்தனாரின் இரண்டு கணுக்கால்களையும் கட்டிப் பிடித்தாள். வயிறு தரையில் அழுந்தியது. பல்லைக் கடித்து இழுத்தாள். எதிர்ப்பக்கம் இழுத்தது. மறுபடியும் இழுத்தாள்.

சட்டென்று பிடி விட்டது.

நாத்தனாரின் தோள்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. தலை இடித்த வலியில் விழித்து, புரியாமல் அவளைப் பார்த்தாள். "என்னடி? ஏன் கீழ கிடக்குறே? எதுக்கு அழுவுறே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி. வாங்க, போயிடலாம். இப்பவே..."

நாத்தனார் இவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

இவளுடைய அக்குள்களுக்குள், பின்னாலிருந்து, இரண்டு கைகள் நுழைந்தன. பிழிந்த மாப்பைப்போலச் சில்லென்று, ஈரமாக. அவசரமில்லாமல் விரல்களைக் கோத்துக்கொண்டன. குழந்தையைத் தூக்குவதுபோல் பதமாகத் தூக்கி, அவள் முதுகை மூலையில் திறந்திருந்த இருட்டின் பக்கம் திருப்பின.

இந்த முறை அவள் விழித்திருந்தாள்.

வெறும் குதிகால்கள் தரையில் தேய ஆரம்பித்தன. கிறீச். நாத்தனார் எட்டிப் பிடித்த கையில் அவள் புடவை முந்தானை மட்டும் சிக்கியது. அது நீண்டது. விறைத்தது. கிழிந்தது.

வெளிர் மர நிறத் தரையில் இரண்டு கோடுகள். இவை கறுப்பு அல்ல. சிவப்பு.